கனகராஜ் கடைசியாகக் கால் வைத்த இடம்

காட்டில் வழி கண்டுபிடிக்கச் சொல்லித்தரும் செவ்வந்திக்கு முப்பத்தொரு வயது. அவரிடம் ஓராண்டாகப் பாடம் படிக்கும் நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தேழு. கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர். கடைந்த இரும்பு ஒரு நூல் பிசகினாலும் அதைக் கழிவில் எறிந்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடாமல் இருக்கிற ஆள். இப்படி ஒருவரை மாணவராகச் சேர்த்துக்கொண்டோமே என்று செவ்வந்தி பலமுறை நொந்துகொண்டதுண்டு.

ஆனால் அவர் பொழுதுபோக்குக்காகப் படிக்க வரவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய தம்பி கனகராஜ் வால்பாறைக்கு மேலே ஒரு சோலைக்காட்டில் நடக்கப் போய், வழி தவறி, இறந்துபோனார். மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது. கிடைத்த இடத்தின் ஜி.பி.எஸ். எண்களை வனத்துறை அறிக்கையில் எழுதியிருந்தார்கள்.

தம்பி மனைவி நாச்சிமுத்துவிடம் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார்.

"அவரு கடைசியா கால் வெச்ச எடத்துல ஒரு பிடி மண்ணு வேணுங்க மாமா. பக்கத்து எடத்து மண்ணு வேண்டாம்."

அந்த மண்ணைப் போட்டுத் தோட்டத்தில் அவருக்கு நினைவுக்கல் நடுவதாக இருந்தார்கள். மண் வராததால் கல் மாட்டுக்கொட்டகையில் படுத்தே கிடந்தது.

இப்போது ஆசிரியரும் மாணவரும் அந்தக் காட்டுக்குள் நின்றார்கள். அறிக்கையின் எண்களைப் போட்டிருந்த ஜி.பி.எஸ். கருவி 'வந்துவிட்டீர்கள்' என்றது. நாச்சிமுத்து மஞ்சள் துணியை விரித்தார். மண்ணில் கை வைக்கும்முன் பழக்கதோஷத்தில் கருவியை இன்னொரு தடவை பார்த்தார்.

இன்னும் பதினெட்டு மீட்டர் என்றது.

புதரை விலக்கிக்கொண்டு அங்கே போனார். இருபத்திரண்டு மீட்டர், வந்த பக்கமே என்றது. திரும்பி வந்தார். இப்போது வலது கைப்பக்கம் கூப்பிட்டது. இப்படியே ஒரு மணி நேரம். இரண்டு காலிலும் அட்டை ஏறியிருந்தது அவருக்குத் தெரியவில்லை.

"டீச்சர், இது கெட்டுப்போச்சுங்க."

"காலையில ரோட்டுல நின்னப்ப?"

"அங்க சரியாத்தானுங்க காட்டுச்சு."

"அங்க வானம் இருந்துச்சுங்ணா."

நாச்சிமுத்து அண்ணாந்து பார்த்தார். இலைக்கு மேல் இலையாக இருந்தது. அதற்கு மேலும் இலைதான்.

செவ்வந்தி கருவியை வாங்கி, அதிலிருந்த பழைய தடத்தை அழித்துவிட்டுப் பக்கத்திலிருந்த பாறைமேல் வைத்தார்.

"உக்காருங்க. சாப்பிடலாம்."

"இந்த நேரத்துல சோறுங்களா?"

"உக்காருங்க."

அரை மணி நேரம் ஆயிற்று. செவ்வந்தி தயிர்சாதத்தை நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். நாச்சிமுத்து பொட்டலத்தைப் பிரிக்கவேயில்லை. பிறகு செவ்வந்தி கருவியின் திரையைக் காட்டினார். நடந்த தடத்தைக் கோடாக வரைகிற திரை அது. கை பழகாதவர்கள் பிழிந்த முறுக்கு மாதிரி ஒரு கோடு தாறுமாறாகச் சுற்றியிருந்தது. முந்நூற்று நாற்பது மீட்டர் நடந்ததாகக் கணக்கு வேறு.

"யாருங்க நடந்தது?" என்றார் நாச்சிமுத்து.

"நீங்கதான் சொல்லோணும்."

"நாம எந்திரிக்கவே இல்லீங்களே."

"இந்த மெஷினுக்கு வானத்துல சாட்டிலைட்டுல இருந்து சேதி வரோணும். இலையில பட்டு, மரத்துல பட்டு, கலங்கி வருது. வந்ததை அது சொல்லுது. கீழ சின்னதா ஒண்ணு எழுதியிருக்கு பாருங்க."

பிழை முப்பது மீட்டர் வரை என்று இருந்தது.

"முப்பது மீட்டருங்களா? என்ற பட்டறையில..."

"உங்க பட்டறை இங்க இல்லீங்ணா."

நாச்சிமுத்து திரையைக் கிட்டத்தில் இழுத்து அந்த எழுத்தை மறுபடி படித்தார். பிறகு அவருக்கே ஒன்று தோன்றியது. தோன்றாமலே இருந்திருக்கலாம்.

"அப்படின்னா அன்னைக்கு அறிக்கை எழுதுனவரு கையில இருந்த மெஷினும்...?"

"அவரும் இதே மரத்துக்கடியில நின்னுதானே எழுதியிருப்பாரு."

நாச்சிமுத்துவுக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதை மறைக்கவில்லை.

"ரெண்டு வருசமா அந்த நம்பரைச் சாமி பேரு மாதிரி சொல்லிட்டு இருந்தேனுங்க. இப்ப நான் எங்க போயி மண்ணெடுக்கறது?"

"அறிக்கையைக் குடுங்க."

பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

"படிச்சீங்களா?"

"நம்பரு மனப்பாடமுங்க."

"நம்பருக்குக் கீழ?"

அதற்குக் கீழே நாச்சிமுத்து படித்ததேயில்லை. செவ்வந்தி படித்தார்.

"பை, ஓடைக்கு மேற்கே. தண்ணீர் பாட்டில், ஓடைக்குக் கிழக்கே. ஒற்றைச் செருப்பு, பாறை அருகே. சேற்றில் காலடித் தடங்கள், அதே இடத்தைப் பலமுறை சுற்றியவை."

நாச்சிமுத்து தாம் உட்கார்ந்திருந்த பாறையைப் பார்த்தார். ஓடைச் சத்தம் பக்கத்தில்தான் கேட்டது. பிறகு திரையிலிருந்த கோட்டைப் பார்த்தார். அதன் சுற்றுகளை விரலால் தொடர்ந்து போனார்.

செவ்வந்தி குனிந்து பாறையடியில் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து மஞ்சள் துணியில் போட்டார்.

"அவ கேட்டது ஒரு பிடிங்க. இது சிட்டிகைதானுங்களே."

"அவரு சுத்துன எடமெல்லாம் கிள்ளுனா ஒரு பிடி வரும். எந்திரிங்க."

ஓடைக்கு மேற்கே போனார்கள். கிழக்கே போனார்கள். வேர்களுக்கு நடுவில், சேறு காய்ந்த இடத்தில், வழியே இல்லாத இடத்தில் எல்லாம் நாச்சிமுத்து குனிந்து குனிந்து கிள்ளியெடுத்தார். கருவி செவ்வந்தியின் பைக்குள் இருந்தது. அவர் அதைக் கேட்கவில்லை. ஒரு பிடி சேர்ந்ததும் துணியை முடிந்தார். முடிச்சைப் பிடித்தபடியே நின்றார்.

"அவ கேப்பாளுங்க டீச்சர்."

"என்னன்னு?"

"இதுல எது அவரு கடைசியா கால் வெச்ச எடம்னு."

செவ்வந்தி கீழே உட்கார்ந்து அவர் காலிலிருந்த அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்.

"அது அவருக்கே தெரிஞ்சிருக்காதுங்ணா."