வீட்டுக்கு ஒரு பிசினஸ் லைன்

குரு என்றால் தாடியும் தண்டமும் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? இந்தக் கதையில் வரும் குருவுக்கு வயது முப்பத்து மூன்று. பெயர் ஆக்னஸ். தூத்துக்குடியில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் பிராட்பேண்ட் கடை வைத்திருக்கிறாள். சீடருக்கு வயது அறுபத்தொன்று. பெயர் சவரிமுத்து.

சிரிக்காதீர்கள். சவரிமுத்து லேசுப்பட்ட ஆளில்லை. டெலிபோன் ஆபீஸில் முப்பத்தாறு வருஷம் டெஸ்ட் டெஸ்க்கில் உட்கார்ந்தவர். லைன்மேன் ஒரு வீட்டின் பழுதைச் சரிசெய்து முடித்ததும் அந்த வீட்டுக்கு இவர்தான் போன் போடுவார். "ஹலோ, டெலிபோன் ஆபீஸ். கேக்குதா? இரைச்சல் இருக்கா?" என்பார். "இல்ல சார்" என்று பதில் வந்தால் ரிஜிஸ்டரில் ஒரு டிக். உடனே அடுத்த வீடு.

ஓய்வு பெற்றுத் திரும்பிப் பார்த்தால் ஊர் பூராவும் செம்புக் கம்பியிலிருந்து கண்ணாடி இழைக்கு மாறிவிட்டிருந்தது. மனைவி புஷ்பமும் போய்ச் சேர்ந்துவிட்டாள். சுவரையே பார்த்துக்கொண்டு எத்தனை நாள் இருக்க முடியும்? ஒருநாள் ஆக்னஸின் கடைக்கு வந்து, "இந்தக் கண்ணாடி இழையை ஒட்ட எனக்குக் கத்துக் குடுங்க டீச்சர்" என்று நின்றார். அன்றிலிருந்து அவள் டீச்சர், அவர் அண்ணாச்சி.

ஒரு சனிக்கிழமை காலை, கடையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சவரிமுத்து பேச்செடுத்தார்.

"டீச்சர், என் வீட்டுக்கு ஒரு பிசினஸ் லைன் போட்டுத் தாங்க."

ஆக்னஸ் நிமிர்ந்து பார்த்தாள். "வீட்டுல என்ன பிசினஸ் அண்ணாச்சி?"

"ஒரு பிசினஸும் இல்ல. ஆனா இந்த வீட்டு லைன் எனக்குச் சரிப்பட்டு வரல. பிசினஸ் லைன்னா போற வேகமும் வர்ற வேகமும் ஒண்ணா இருக்கும். பழுதுன்னா நாலு மணி நேரத்துல ஆள் வந்தாகணும்னு எழுத்துலயே இருக்கு."

"மூணு மடங்கு காசு ஆகுமே."

"ஆகட்டும். ஒத்தை ஆளுக்கு வேற என்ன செலவு இருக்கு?"

"சரி, பழுது என்னன்னு சொல்லுங்க."

சவரிமுத்து பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

அவருடைய ஒரே மகள் ஜெசிந்தா மஸ்கட்டில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூணு மணிக்கு வீடியோ காலில் வருவாள். புஷ்பம் இருந்தவரை அது ஒரு மணி நேரக் கச்சேரி. மீன் விலை, எதிர்வீட்டுச் சண்டை, யாருக்குக் கல்யாணம், யாருக்குக் காய்ச்சல் என்று தாயும் மகளும் அளந்துகொண்டே இருப்பார்கள். போனை ஆடாமல் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் சவரிமுத்துவின் வேலை. இப்போது அவரே பிடித்து, அவரே பேச வேண்டியிருக்கிறது. மூணு நிமிஷத்துக்கு மேல் ஓடுவதில்லை. "லைன் சரியில்லப்பா, அப்புறம் கூப்பிடுதேன்" என்று வைத்துவிடுகிறாள். அந்த அப்புறம் அடுத்த ஞாயிறுதான்.

"போன ஞாயிறு அதுவும் வரல டீச்சர். ரெண்டு மணிக்கே சவரம் பண்ணி, சட்டை போட்டு உக்காந்துட்டேன். ஆறு மணி வரைக்கும் உக்காந்திருந்தேன். அந்த மூணு நிமிஷமும் போயிட்டா அப்புறம் எனக்கு என்ன இருக்கு, சொல்லுங்க."

ஆக்னஸ் நோட்டைப் புரட்டினாள். ஒவ்வொரு ஞாயிறுக்கும் கோடு போட்டு, டெலிபோன் ஆபீஸ் கையெழுத்தில் அழகாக எழுதியிருந்தது. மணி 3.04. சத்தம் நன்று. படம் இருமுறை நின்றது. 3.07 கட். மணி 3.10. சத்தம் நன்று. இரைச்சல் இல்லை. 3.12 கட். கடைசிப் பக்கம் வரைக்கும் இதே கதைதான்.

"இதுல ஜெசிந்தா எங்க அண்ணாச்சி?"

"எல்லாமே அவ போன்தானே டீச்சர்!"

அவள் நோட்டை மூடி அவர் கையில் கொடுத்தாள். "வாங்க, உங்க வீட்டுக்குப் போவோம்."

கடையைப் பூட்டிவிட்டு இருவரும் நடந்தார்கள். சவரிமுத்துவின் வீட்டில் டி.வி. சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அணைத்துவிட்டுப் போக அவருக்கு மனசு வருவதில்லை. திரும்பி வரும்போது ஏதாவது அசைந்துகொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். சுவரில் புஷ்பத்தின் படம். அதற்குக் கீழே இணையப் பெட்டி. பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு நாற்காலி.

ஆக்னஸ் பெட்டியிலிருந்து இழையைக் கழற்றி, அதன் வழியே வரும் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரில் செருகினாள்.

"எவ்வளவு காட்டுது?" சவரிமுத்து எட்டிப் பார்த்தார்.

"நீங்களே பாருங்க."

பார்த்தார். வெளிச்சம் ஒரு குறையும் இல்லாமல் வந்துகொண்டிருந்தது. அவருக்கு முகம் தொங்கிவிட்டது. பழுது என்று ஒன்று இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

"சில பழுது மீட்டர்ல சிக்காது டீச்சர். பேசும்போதுதான் காட்டும்."

"அதுவும் சரிதான்" என்றாள் ஆக்னஸ். இழையைத் திரும்ப மாட்டிவிட்டு எழுந்தாள். "நான் தெருமுனைக்குப் போயி உங்களுக்கு வீடியோ கால் போடுதேன். லைனை நான் பாத்துக்கிடுதேன். அதைப் பத்தி உங்களுக்குக் கவலை வேண்டாம். ஜெசிந்தாகிட்ட எப்படிப் பேசுவியளோ அப்படியே என்கிட்ட பேசுங்க. போதும்."

அவள் போனதும் சவரிமுத்து தலையைச் சீவிக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். போன் அடித்தது.

"ஹலோ அண்ணாச்சி."

"ஹலோ டீச்சர்! கேக்குதா? என் சத்தம் கேக்குதா?"

"கேக்குது. அண்ணாச்சி, திங்கக்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஒரு கட்டி இருக்கு. சோதனை பண்ணணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

"சத்தம் கணீர்னு இருக்கு டீச்சர். இரைச்சலே இல்ல. படம் எப்படி, உங்க பக்கம் நிக்குதா?"

"நிக்கல. வீட்டுல யார்கிட்டயும் நான் இதைச் சொல்லல. கூட வர ஆளில்ல அண்ணாச்சி."

"ஆங்! இப்ப லேசா ஒரு இழுவை இழுத்துச்சு, கவனிச்சியளா? ஆளில்லன்னு சொன்னியளே, அந்த இடத்துல."

"பயமா இருக்கு அண்ணாச்சி."

"கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க டீச்சர். முகம் இருட்டாத் தெரியுது."

"கேக்குதா? கேக்குதா?" என்று சவரிமுத்து இரண்டு தடவை கேட்டார்.

"லைன் சரியில்ல போலிருக்கு. அப்புறம் கூப்பிடுதேன்" என்று ஆக்னஸ் வைத்துவிட்டாள்.

சவரிமுத்து செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினார். கள்ளனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட குஷி அவருக்கு.

"பாத்தியளா டீச்சர்! அதே வார்த்தை! ஜெசிந்தாவும் அச்சு அசலா இதையேதான் சொல்லுவா! நான் சொன்னேன்லா, பழுது இருக்குன்னு!"

ஆக்னஸ் மெதுவாக நடந்து வந்தாள். வீட்டுக்குள் வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டாள். அவர் கொண்டுவந்து கொடுத்தார். பாதி குடித்தாள்.

"அண்ணாச்சி, போன்ல நான் என்ன சொன்னேன்?"

"நல்லாத் தெளிவாக் கேட்டுச்சே."

"என்ன சொன்னேன்?"

சவரிமுத்து வாயைத் திறந்தார். சத்தம் கணீரென்று இருந்தது ஞாபகம் இருந்தது. இழுவை ஞாபகம் இருந்தது. முகம் இருட்டாகத் தெரிந்ததும் ஞாபகம் இருந்தது.

"ஆளில்லன்னு... ஏதோ..."

"யாருக்கு ஆளில்ல?"

அவர் யோசித்தார். எவ்வளவு யோசித்தும் அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் அவருக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் ஜெசிந்தா, "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள். "சொல்லு சொல்லு, நல்லாக் கேக்குது" என்றார் இவர். அவளும் சொன்னாள். என்னமோ சொன்னாள். சொல்லும்போது கண்ணைத் துடைத்த மாதிரிகூட இருந்தது. படம் அந்த இடத்தில்தான் நின்றது.

அவசரமாக நோட்டை எடுத்து அந்த ஞாயிறைப் புரட்டினார். மணி 3.06. சத்தம் நன்று. படம் ஒருமுறை நின்றது. 3.09 கட். அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தார். டி.வி.யில் யாரோ வாயை வாயை அசைத்துக்கொண்டிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப... பிசினஸ் லைன் போட்டா சரியாயிருமா டீச்சர்?"

ஆக்னஸ் மிச்சத் தண்ணீரையும் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"இந்த வீட்டு லைனே நான் சொன்னது அத்தனையும் ஒரு வார்த்தை சிந்தாம உங்க போன் வரைக்கும் கொண்டாந்து சேத்துருச்சு அண்ணாச்சி. பிசினஸ் லைனும் அது வரைக்கும்தான் வரும்."