தோளோடு நின்ற கை

“அந்தப் பவுனம்மாவை வேற எங்கயாவது அனுப்பிருங்க, மாஸ்டர்.”

பொன்னுலிங்கம் இதைச் சொன்னபோது அப்போதுதான் விடிந்திருந்தது. தூத்துக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்து மொட்டை மாடி. தினமும் அங்கேதான் உடற்பயிற்சி வகுப்பு.

பொன்னுலிங்கம் இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் இருந்து அவில்தாராகத் திரும்பியவர். மாஸ்டர் ஜெசிந்தாவுக்கு அவர் மகள் வயது. ஆனாலும் இரண்டு வருஷமாக முதல் வரிசையில், அவளுக்கு நேர் பின்னால் நின்று, அவள் செய்வதை இம்மி பிசகாமல் செய்து வந்தார்.

“ஏன் அண்ணாச்சி?”

“நாங்க முழுசா உக்காந்து எந்திரிக்கோம். அது பாதியிலயே நின்னுருது. வரிசையே கோணிப்போகுது.”

“இட்லிக் கடையில நாள் முச்சூடும் நிக்கிற மூட்டு. எவ்வளவு மடங்கும்?”

“வரிசைன்னா வரிசைதான், மாஸ்டர்.”

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஜெசிந்தா வகுப்பில் அதிகம் பேச மாட்டாள். “அவங்கவங்களுக்கு எட்டுற வரைக்கும்” என்பாள். சொல்லிவிட்டுக் கடல் பக்கம் திரும்பி நின்றுகொள்வாள். மற்றதெல்லாம் அவள் முதுகைப் பார்த்துப் படிப்பதுதான்.

அவள் திரும்பிய மறுகணம் பொன்னுலிங்கத்தின் குரல் எழும்பும்.

“வலது கை வானத்துக்கு! இடது கை தோளோட நிறுத்து! மாஸ்டர் கையைப் பாரு!”

முப்பது பேரும் நிறுத்துவார்கள்.

அன்று ஜெசிந்தா கடல் பக்கம் திரும்பவில்லை.

“திருச்செந்தூர்ல புது வகுப்பு தொடங்குறேன், திங்கக்கிழமையிலருந்து இந்த வகுப்பு உங்க பொறுப்புன்னு சொல்லியிருந்தேன்லா? இன்னைக்கே நடத்துங்க.”

“பவுனம்மா?”

“முடியாதவங்க செருப்பைப் போட்டுக்கிட்டுப் படிக்கட்டு வாசல்ல போய் நிக்கட்டும்.”

“யாரா இருந்தாலுமா?”

“யாரா இருந்தாலும்.”

அவருக்குத் தரையில் கால் பாவவில்லை. ஜெசிந்தா நிற்கும் இடத்தில் போய், அவளைப் போலவே கடலைப் பார்த்து நின்றார். அவர் நின்ற இடத்தில் அவள் நின்றாள்.

“உக்காந்து எந்திரி! அம்பது! முடியாதவங்க வாசலுக்கு!”

எட்டாவது எண்ணிக்கையில் பின்னால் ஒரு செருப்பு தரையில் தேய்ந்தது.

“நல்லா இரும் ஐயா” என்றது பவுனம்மாவின் குரல். “எங்க கடை இட்லி மட்டும் உமக்கு முழுசா இறங்குது.”

யாரோ சிரித்தார்கள். அவர் திரும்பவில்லை.

முப்பதில் இன்னும் இரண்டு செருப்பு. நாற்பதில் நாலைந்து. ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் தன் முதுகுக்குப் பின்னால் வரிசை நேராகிக்கொண்டு வருவதாக அவருக்குத் தோன்றியது. நெஞ்சு நிறைந்துவிட்டது.

“வலது கை வானத்துக்கு! இடது கை தோளோட!”

அந்த அழகைப் பார்த்துவிட வேண்டும் என்று திரும்பினார்.

கோடு போட்டது போல வரிசை. ஒரே ஒருத்தி தவிர. மூன்று நாள் முன்னால் சேர்ந்த ரெக்ஸலின், இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

“ஏ பிள்ள, இடது கையை இறக்கு.”

“ஏன் சார்?”

“அதான் முறை.”

“அதெப்படி முறை? ஒரு கை என்ன பாவம் செஞ்சுது?”

இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் அதைக் கேட்டுக்கொண்டதில்லை.

“மாஸ்டர்ட்ட கேளு, சொல்லுவாங்க.”

முதல் வரிசையில் மாஸ்டர் இல்லை.

படிக்கட்டு வாசலில், பவுனம்மாவுக்குப் பக்கத்தில், செருப்பைப் போட்டுக்கொண்டு ஜெசிந்தா நின்றிருந்தாள்.

“நீங்க எதுக்கு அங்க?”

“முடியாதவங்க இங்கதானே நிக்கணும், அண்ணாச்சி?”

“உங்களுக்கு எது முடியல?”

அவள் வலது கையால் தன் இடது முழங்கையைப் பிடித்து மேலே தள்ளினாள். தோள் வரை வந்தது. இன்னும் தள்ளினாள். முகம் சுருங்கியது. தோளைத் தாண்டி ஒரு விரற்கடைகூட ஏறவில்லை.

“ஸ்கூட்டர்லருந்து விழுந்தேன். பதினோரு வருஷமாச்சு.”

“மாதாவே!” என்றது ஒரு குரல்.

மாடி முழுக்க இடது கைகள் தோளோடு நின்றிருந்தன. அவற்றை இறக்குவதா, ஏற்றுவதா? யாருக்கும் தெரியவில்லை.

“நீங்க சொல்லவே இல்லியே...” பொன்னுலிங்கத்துக்குத் தன் குரலே வேறு யாருடையதோ போல் கேட்டது.

“‘எட்டுற வரைக்கும்’னு தினமும் சொல்லிட்டுத்தானே திரும்புனேன்.”

பின்வரிசையில் ஒரு கை மெல்ல மேலே போனது. பிறகு இன்னொன்று. சில கைகள் காதோடு நின்றன. சில நேரே போயின. ஒருவர் “ஆத்தீ” என்று தோளைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு வருஷமாகத் தோளைத் தாண்டாத தன் இடது கையைப் பொன்னுலிங்கமும் தூக்கினார்.

தோள் வரை வந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தரம் தூக்கினார். உள்ளே ஏதோ ஒன்று துருவேறிய கீல் மாதிரி பிடித்துக்கொண்டது. வலது கையால் இடது முழங்கையைப் பிடித்துத் தள்ளினார், சற்று முன் மாஸ்டர் தள்ளியது போலவே.

வரவில்லை.

வரிசை அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. அவர் வாசலைப் பார்த்தார்.

பவுனம்மாவுக்குக் குனிய வராது. காலாலேயே அவர் செருப்பைத் தேடி, நேராகத் திருப்பி வைத்தாள்.

“வாரும் ஐயா. இங்க வரிசை எல்லாம் கிடையாது.”