இடதுபக்கக் கதவு

பழைய பிக்கப் வண்டியின் கதவு உறை மூன்றே மாதத்தில் கிழிந்துவிட்டதென்று, டிரைவரை இன்ஜினை அணைக்கக்கூட விடாமல் இறங்கிக் குதித்தார் அரிசி ஆலைக்காரர் வேதமுத்து. உறை தைத்த சந்தனத்தின் கடை அவருடைய இடத்தில்தான் இருந்தது.

“மட்டமான ரெக்சினப் போட்டுட்டியேடா! இனிமே கிழியாத மாதிரி தை. இல்லேன்னா இன்னைக்கே கடையைக் காலி பண்ணு!”

சந்தனம் குனிந்து பார்த்தான். அதே சுருளில் வெட்டிய டிரைவர் பக்கத்து உறை புதிதாகவே இருந்தது. முதலாளி பக்கம் மட்டும் வெந்து கிழிந்து கிடந்தது.

“தைச்சிரலாம் முதலாளி. எப்பவும்போல ஏறி உக்காருங்க, அளவெடுக்கணும். அதுவரைக்கும் வெத்தலை போடுங்க.”

வேதமுத்து உட்கார்ந்து, திட்டிக்கொண்டே வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவினார். விரலில் மிஞ்சியதைக் கதவில் அந்த வெந்த இடத்திலேயே அழுத்தித் துடைத்தார். டிரைவர் சிரிப்பை அடக்க முடியாமல் ஸ்டியரிங்கில் கவிழ்ந்தான்.

“அளவு கெடைச்சிருச்சு முதலாளி,” என்றான் சந்தனம். “உறை கதவுக்கு இல்ல, உங்க விரலுக்குத்தான் தைக்கணும்.”

வெற்றிலையைத் திணித்து மூடிய வாயை, கடையைக் காலி செய்யச் சொல்வதற்காக வேதமுத்து அப்புறம் திறக்கவேயில்லை.