வாலில்லாக் காவலர்கள்

சீன தேசத்து மூங்கில் காட்டில் ஒரு புலிப் பேரரசர் இருந்தார். ஆறு காடுகளைச் சண்டை போட்டுப் பிடித்து ஒரே காடாக்கியவர். அதைச் சுற்றி மதில் கட்டினார். எவ்வளவு நீளம் என்கிறீர்கள்? ஒரு முனையில் குட்டியாக மண் சுமக்கத் தொடங்கிய ஆமை, மறுமுனைக்குப் போவதற்குள் கொள்ளுத்தாத்தா ஆகிவிடும்!

அவர் போட்ட சட்டமும் ஒன்றேதான். "யார் எந்தத் தப்புச் செய்தாலும் வாலை வெட்டு! ஒரே காடு, ஒரே தண்டனை. யாருக்கும் மறக்காது!"

மதில் வேலைக்கு ஆள் அனுப்பச் சொல்லி ஆணை வந்தது. டாங் என்ற எருமையின் தலைமையில் ஒரு கூட்டம் கிளம்பியது. பௌர்ணமிக்குள் போய்ச் சேர வேண்டும். வழியில் பேய்மழை. பாலத்தை ஆறு அடித்துக்கொண்டு போய்விட்டது. வெள்ளம் வடிவதற்குள் பௌர்ணமியும் போய்விட்டது.

"ஐயோ! வாலில்லாமல் நான் எப்படிக் கிளையில் தொங்குவேன்?" என்று லின் என்ற குரங்கு அழுதது.

"உனக்குத் தொங்கும் கவலை. எனக்கு ஈ ஓட்டும் கவலை!" என்றது டாங்.

சட்டென்று லின் அழுகையை நிறுத்தியது.

"டாங் அண்ணே, தாமதமாகப் போனால் என்ன தண்டனை?"

"வால் போகும்."

"திரும்பி ஓடிவிட்டால்?"

"அதற்கும் வால்தான்."

"பேரரசரையே அரியணையிலிருந்து இறக்கிவிட்டால்?"

டாங் அசைபோட்டபடி யோசித்தது. "அட! அதற்கும் அதே வால்தான்!"

"அப்புறமென்ன? போகிற வால் பெரிய காரியத்துக்குப் போகட்டுமே. நடங்கள் அண்ணே!"

அரண்மனை வாசலில் ஓநாய்க் காவலர்கள் நின்றார்கள். டாங் முன்னால் போய் நின்றது.

"எங்கே கிளம்பிவிட்டீர்கள்?"

"பே... பேரரசரை இறக்க."

"அப்பாடா! இப்போதாவது வந்தீர்களே!" என்று ஓநாய்கள் கதவை அகலத் திறந்தன.

புலி உறுமிய உறுமலில் கூரை ஓடுகள் குதித்தன. "துரோகிகளே! கதவையா திறந்தீர்கள்? உங்கள் வாலை வெட்டுகிறேன், பாருங்கள்!"

ஓநாய்கள் நிதானமாகத் திரும்பிப் பின்பக்கத்தைக் காட்டின. ஒன்றுக்கும் வாலில்லை!

"காவலில் கொட்டாவி விட்டேன்" என்றது ஒன்று.

"நான் தும்மினேன்" என்றது இன்னொன்று. "இனி எதை வெட்டுவீர்கள், மகாராஜா?"

புலி தன் வாலை மார்போடு கட்டிக்கொண்டு அரியணையிலிருந்து சறுக்கி இறங்கியது. "இதை மட்டும் விட்டுவிடுங்கள்!"

"உங்கள் வால் எங்களுக்கு எதற்கு? பாலம் உடைந்து கிடக்கிறது. மண் சுமக்க வாருங்கள்!" என்றது டாங்.

புலி நன்றாகவே மண் சுமந்தது. பாலம் எழுந்தது. சின்னத் தப்புக்குச் சின்னத் தண்டனை, பெரியதற்குப் பெரியது என்று காட்டில் புதுச் சட்டமும் வந்தது. லின் பாலத்துக் கைப்பிடியில் வாலைச் சுற்றிக்கொண்டு ஊஞ்சலாடியது. டாங் பாலத்து நிழலில் படுத்து, ஆனந்தமாக ஈ ஓட்டியது.

சிறு தவறுக்கும் பெருந்தவறுக்கும் ஒரே தண்டனை தரும் அரசன், தன் குடிகளைத் தானே கலகத்துக்கு அனுப்பிவைக்கிறான்.