உட்கார்ந்து சொன்ன பதில்

அரசியல் பேராசிரியர் ஆவுடையப்பன் சொல்லாமல் அவர் வகுப்பில் ஒருத்தரும் உட்கார முடியாது. அன்றைக்கு என்ன கோபமோ, "அரசாங்கம் நிலைக்கிறது பயத்தாலயா, மக்கள் சம்மதத்தாலயா? சிந்தனையாளர்கள் ரெண்டும் சொல்றாங்க. எது சரின்னு நிரூபிக்கிற வரைக்கும் எல்லாரும் நில்லுங்க!" என்றார்.

எல்லோருக்கும் கால் கடுத்தது. கடைசி பெஞ்சில் வாயே திறக்காத பேச்சியம்மாள் சட்டென்று உட்கார்ந்தாள்.

"யாரைக் கேட்டு உட்கார்ந்தே? மார்க்கு வேண்டாமா?"

"பதில்தான் சார் சொல்றேன். பயம்தான்னா இவங்க நின்னுக்கிட்டே இருப்பாங்க. எங்க சம்மதம்தான்னா..."

அவள் முடிக்கவில்லை. பெஞ்சுகள் கிறீச்சிட்டன. வகுப்பே உட்கார்ந்துவிட்டது. கெட்டிக்காரி! நின்றவர் பேராசிரியர் மட்டும்தான்.

"நிரூபிச்சாச்சு. நீங்களும் உட்காருங்க சார்," என்றாள் பேச்சியம்மாள்.