நாலு ரகத்தில் எது

எங்கள் கொளத்தூர் தெருவில் இருபத்து மூன்று கடைகள். இருபத்திரண்டில் வளர்ப்பு மீன். கடைசிக் கடையில் மட்டும் ஹாம்ஸ்டர். சுண்டெலிக்கு வால் வைக்க மறந்துபோனால் எப்படி இருக்கும், அதுதான் ஹாம்ஸ்டர். அதிலும் ஜெசிந்தா வைத்திருப்பது குட்டை ரகம் மட்டும். ஒரு உள்ளங்கையில் இரண்டு உட்காரும்.

நான் பக்கத்துக் கடை. மீன்தான். இரண்டு கடைக்கும் நடுவில் மார்பளவு உயரத்துக்கு ஒரு பிளைவுட் பலகை. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். காதை எங்கே கழற்றி வைக்கிறது.

ஜெசிந்தாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் வந்து கேட்டாலும் உடனே ஹாம்ஸ்டரைக் கொடுக்க மாட்டாள். ஏழு நாள் வந்து கூண்டு சுத்தம் பண்ண வேண்டும். ஈரமான மரச்சீவலை அள்ளி, புதுசு பரப்பி, தண்ணீர் பாட்டிலைக் கழுவி வைக்க வேண்டும். எட்டாவது நாள் பிடித்ததை எடுத்துக்கொண்டு போகலாம். கேட்டவர்களில் பாதிப் பேர் தலையில் அடித்துக்கொண்டு என் கடைக்கு வந்து மீன் வாங்கிப் போவார்கள். அந்த வகையில் எனக்கு அவள்மேல் வருத்தம் கிடையாது. தெருவில் அவளுக்குச் சாமியாரம்மா என்று பெயர். அவள் காதிலும் அது விழும். கண்டுகொள்ள மாட்டாள்.

சித்திரை வெயில் கொளுத்திய ஒரு சனிக்கிழமை மத்தியானம் கருணாகரன் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் செல்போன், அதில் ஏதோ பெரிய பட்டியல்.

"ரோபோ, விண்டர் ஒயிட், கேம்பெல், சைனீஸ். நாலு ரகம். ஒரு வாரமா எல்லா வீடியோவும் பாத்துட்டேன் மேடம். ஒருத்தன் ரோபோங்கறான், ஒருத்தன் அதைத் தொடவே முடியாதுங்கறான். மண்டை காஞ்சுபோச்சு. எது நல்லது, நீங்களே சொல்லிடுங்க."

"யாருக்கு?"

"என் பொண்ணுக்கு. மிருதுளா. ஒன்பது வயசு."

"வீட்ல எந்நேரமும் இருப்பாளா?"

அவர் செல்போனைச் சட்டைப்பையில் போட்டார். நான் மீன் தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன், நிறுத்திவிட்டேன்.

"அம்மாகூட இருக்கா. ரெண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை எங்கிட்ட வருவா. காலையில பத்துலேர்ந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும். ஜூன் மாசம் கோர்ட்ல அவளைக் கூப்பிட்டுக் கேப்பாங்களாம், அப்பா வீட்டுக்குப் போறியா வேணாமான்னு. போன தடவை வந்தப்பவே முகம் சரியில்ல. வீட்ல இது ஒண்ணு இருந்தா, இதுக்காகவாவது வரேன்னு சொல்லுவா."

ஜெசிந்தா மரச்சீவல் மூட்டையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"ஏழு நாள் வாங்க சார்."

"மேடம், எனக்கு நிக்கவே தெம்பில்ல."

"உக்காந்து பண்ணுங்க."

நான் நினைத்தேன், ஆள் இப்போது என் கடைக்கு வருவார் என்று. கப்பி மீன் காட்டலாம் என்று எழுந்துகூட விட்டேன். வரவில்லை. சட்டைக்கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த நாளிலிருந்து தினமும் வந்தார். ஞாயிறு கழிந்த பிறகு ஆபீஸ் முடிந்து நேராக வருவார். வேலையைவிடக் கேள்விதான் ஜாஸ்தி.

"விண்டர் ஒயிட் குளிர்காலத்துல முழுசா வெள்ளை ஆயிடுமாமே?"

"கொளத்தூருக்கு எப்ப குளிர்காலம் வருதுன்னு சொல்லுங்க சார். ஆகுதான்னு பாப்போம்."

"சைனீஸ் விரலைப் பிடிச்சுக்கிட்டு ஏறுமாமே?"

"ஏறும்."

"அப்ப அதுவே எடுத்துக்கவா?"

"இன்னும் கூண்டு பாக்கி இருக்கு சார்."

கோபப்படவும் அவருக்குத் தெம்பில்லை. அவளுக்கும் விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. அந்த வாரம் தெருவில் யாருக்குமே தெம்பில்லை. மின்விசிறி அனல் காற்றைத்தான் சுற்றிச் சுற்றி விட்டது. ஜெசிந்தா கூண்டுக்குக் கூண்டு குளிர்ச்சிக்கு ஒரு கூரை ஓட்டுத் துண்டு போட்டு வைத்திருந்தாள், பிராணிகள் அதன்மேல் வயிற்றை ஒட்டிப் படுத்துக் கிடந்தன.

மூன்றாம் நாள் ஒரு மூலைக் கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் நின்றார். உள்ளே ஒரு கேம்பெல் பந்தாகச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. முகத்தைப் பார்க்கலாம் என்று கண்ணாடியை விரலால் தட்டப் போனார். ஜெசிந்தா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுப்பாதீங்க."

"பாக்கணுமே மேடம்."

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க."

"முழிச்சிருந்தாத்தானே குணம் தெரியும்?"

"இதை மூணு வீட்ல வாங்கிட்டுப் போய்த் திருப்பிக் கொண்டாந்துட்டாங்க. கடிக்குதாம். மூணு வீட்லயும் பகல்ல எழுப்பியிருக்காங்க. வர்றவங்களுக்கெல்லாம் காட்டணுமே." அவர் கையை விட்டாள். "இது பகல்ல தூங்கற ஜாதி சார். நம்மளை நடுராத்திரி தட்டி எழுப்பி, சிரின்னு சொன்னா நாமளும் கடிப்போம்."

அவர் செல்போனை எடுத்துப் பட்டியலில் கேம்பெல்லை அடித்தார். 'கடிக்கும்' என்று பக்கத்தில் எழுதினாரோ என்னவோ.

நாலாம் நாள் விடியற்காலையில் ரோபோ வந்திறங்கியது. பெங்களூரிலிருந்து பஸ்ஸில், அட்டைப்பெட்டியில். ஆறு உருப்படி. ஐந்து போய் ஓட்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டன. ஒன்று மட்டும் சக்கரத்தில் ஏறி ஓட ஆரம்பித்தது. நான் காலையில் கடை திறந்தபோது ஓடிக்கொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்தபோதும் அதே சத்தம். கருணாகரன் வந்ததும் அதன் முன்னால் போய் நின்றார். அத்தனை நாளில் அன்றைக்குத்தான் அவர் பல்லைப் பார்த்தேன்.

"இதுதான் மேடம். இதையே எடுத்துக்கறேன். என்ன குஷி பாருங்க."

"குஷியா?"

"நிக்கவே இல்லையே. தூங்குமூஞ்சி எல்லாம் வேணாம். அவ வர்றதே ஏழு மணி நேரம். அந்த நேரத்துல இது இப்படி ஓடினாத்தானே நல்லாருக்கும்."

"அதுக்கு எங்க வந்திருக்கோம்னு தெரியல சார். அதான் ஓடுது."

அவர் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. சக்கரத்தையே பார்த்தார்.

"மிருவும் இப்படித்தான். எங்கிட்ட வந்தா ஒரு நிமிஷம் சும்மா உக்கார மாட்டா. மால், பீச், சினிமா, டிராம்போலின். நானும் விடறதில்ல. இருக்கறது ஏழு மணி நேரம், அதுல ஒரு நிமிஷம் வீணாகக் கூடாது. வாரம் பூரா பிளான் போடுவேன்."

"தூங்குவாளா?"

"எங்கிட்டயா? எங்க. கார்ல கண்ணை மூடினாக்கூட எழுப்பிடுவேன்."

ஜெசிந்தா சக்கரத்துக்கு மேலே ஒரு துணியைப் போட்டு வெளிச்சத்தை மறைத்தாள். எனக்கு அந்தப் பெண்ணை நினைத்துப் பாவமாக இருந்தது. இந்த மனுஷனை நினைத்தாலும் பாவமாகத்தான் இருந்தது. அவர் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார்.

"மேடம், எந்த ரகமா இருந்தாலும் சரி. பழகறதுக்கு எத்தனை நாள் ஆகும்?"

"சொல்றேன்."

சொல்லவில்லை. ஐந்தாம் நாளும் கேட்டார். ஆறாம் நாளும் கேட்டார். "சொல்றேன் சார்" என்பதோடு சரி. எனக்கே எரிச்சலாக வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் என்ன, பத்து நாளோ பதினைந்து நாளோ, ஏதாவது ஒன்று.

ஏழாம் நாள் வெள்ளிக்கிழமை. கூண்டு கூண்டாக மரச்சீவலை மாற்றிக்கொண்டே வந்தவர் ரோபோ கூண்டிடம் பதறிப்போய் நின்றுவிட்டார்.

"மேடம், இதுக்கு உடம்பு சரியில்ல. ஓடல. கீழ விழுந்து கிடக்கு."

ஜெசிந்தா வந்து குனிந்து பார்த்தாள். சக்கரத்துக்குப் பக்கத்தில், வெட்டவெளியில், நாலு காலையும் பரப்பிக்கொண்டு கிடந்தது. வயிறு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"தூங்குது சார்."

"இப்படியா? எல்லார் கண்ணுலயும் படற மாதிரி?"

"பழகிடுச்சு. பயம் விட்டுப்போச்சு. இனிமே ஒளிஞ்சுக்காது."

"ஓடறப்ப நல்லாருந்துச்சு" என்றார் கருணாகரன். அவருக்கு உண்மையிலேயே ஏமாற்றம். பாட்டிலைக் கழுவி மாட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மகளோடு வந்தார். ஒல்லியான பெண். கழுத்தில் ஏதோ மாலில் கொடுத்த பலூன் கயிறு, பலூனைக் காணோம். ஒரு கையில் பாதி தின்ற பாப்கார்ன். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. காலையிலிருந்து எத்தனை இடம் சுற்றினார்களோ, நடையே தள்ளாடியது. நான் ஜெசிந்தாவிடம் இரவல் வாங்கிய வாளியைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் அங்கே போய் நின்றேன்.

"மிரு, நாலு ரகம் இருக்குடா. இது ரோபோ, சூப்பரா ஓடும். இது விண்டர் ஒயிட், கையில வெச்சுக்கலாம். அது சைனீஸ், விரல்ல ஏறும். எது வேணும்னாலும் எடுத்துக்க. அப்பா ஏழு நாள் வேலை பாத்து வாங்கறேன், தெரியுமா?"

அந்தப் பெண் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். கடைசியில் மூலைத் தொட்டிக்கு முன்னால் நின்றாள்.

"இது தூங்குதா ஆன்ட்டி?"

"ஆமாம்மா."

"எப்ப எந்திரிக்கும்?"

"ஆறு, ஆறரை ஆகும்."

"நான் அஞ்சு மணிக்குப் போயிடுவேனே."

"அப்ப நீ வர்றப்பெல்லாம் இது தூங்கிக்கிட்டுத்தான் இருக்கும்."

கருணாகரன் குறுக்கே வந்தார். "அது வேணாம்டா. அது கடிக்கும். மூணு வீட்லேர்ந்து திருப்பி அனுப்பிட்டாங்க."

"மூணு வீடாப்பா?"

"ஆமா."

"அப்ப இதுக்கு டயர்டா இருக்கும்" என்றாள் அவள்.

 அவள் மரச்சீவல் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தாள். தொட்டியில் கை வைக்கவில்லை, தட்டவுமில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. கருணாகரன் என்ன செய்வதென்று தெரியாமல் அதில் உட்கார்ந்தார். சைனீஸைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

"கொஞ்ச நேரம் இதைப் பாக்கலாம்பா."

"சரிடா."

ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. பாப்கார்ன் பொட்டலம் கையிலிருந்து நழுவியது. தலை முதலில் அவர் தோளில் சாய்ந்தது, அப்புறம் சரிந்து மடிக்கு வந்துவிட்டது. வாய் லேசாகத் திறந்திருந்தது. செருப்புக் காலைத் தூக்கி மூட்டைமேல் போட்டுக்கொண்டாள்.

கருணாகரன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து மணியைப் பார்த்தார். மூன்றே முக்கால். ஜெசிந்தா டியூப் லைட்டை அணைத்துவிட்டு, மின்விசிறியை அந்தப் பெண் பக்கம் திருப்பி வைத்தாள். நான் கடைக்கு ஓடிப்போய் ரேடியோவைக் குறைத்துவிட்டு வந்தேன்.

நாலே கால் ஆனது. அவர் முகம் எப்படியோ ஆகிவிட்டது. அழுதுவிடுவார் போலிருந்தது.

"மேடம்" என்றார், மெதுவாக. "நாலரைக்குக் கிளம்பணும். ஐஸ்கிரீம் கடைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தேன். இன்னும் கால் மணி நேரந்தான் இருக்கு. அப்புறம் ரெண்டு வாரம் கழிச்சுத்தான் பாக்க முடியும். ஜூன் வேற வருது. இதுவரைக்கும் எங்கிட்ட அவ தூங்கினதே இல்ல, இன்னிக்குன்னு பாத்து..."

மகளின் தோளைத் தொட்டு எழுப்பக் கையை நீட்டினார்.

ஜெசிந்தா கூண்டுக்குத் தண்ணீர் பாட்டிலை மாட்டிக்கொண்டிருந்தாள். திரும்பக்கூட இல்லை.

"பழகறதுக்கு எத்தனை நாள் ஆகும்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்களே சார்" என்றாள்.