அண்ணனுக்குப் பத்துக் காற்று

விராலிமலைக்கு ரோடு பிரியும் விலக்கில், வீட்டு வாசலிலேயே பஞ்சர் கடை வைத்திருக்கும் மூன்று சகோதரர்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். மூத்தவர் சடையப்பன். அடுத்தவன் குப்புராசு. கடைக்குட்டி நல்லதம்பி, அவனுக்கே நாற்பது வயது. காற்றைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. மற்றதைப் பற்றித் தெரிந்ததும் ஒன்றுமில்லை.

சடையப்பன் குறட்டைக்குப் பேர் போனவர். குறட்டையோடு விட்டாலும் பரவாயில்லை, நடுநடுவே மூச்சே நின்றுபோகும். அவர் மனைவி அங்கம்மாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்தாள். "மூச்சு நிக்காமத் தூங்குற அன்னைக்குச் சொல்லுங்க, வர்றேன்" என்று மணப்பாறையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். பாவம், அன்றிலிருந்து மனுஷனுக்குச் சோறே இறங்கவில்லை.

தம்பிகள் கூட்டிப்போய்க் காட்டிய டாக்டர் சோதித்துப் பார்த்து, மாஸ்க் வழியாக மூக்கில் காற்றடிக்கும் மெஷின் ஒன்றைக் கொடுத்தார்.

"தூங்கும்போது உங்க தொண்டை மூடிக்குது. இந்தக் காத்து அதைத் திறந்து வைக்கும். உங்களுக்கு அழுத்தம் பத்து. முதல்ல நாலுல ஆரம்பிக்கும், தூங்கத் தூங்க மெல்ல ஏறும். நீங்களா எதையும் மாத்தாதீங்க. மாஸ்க்குல காத்துக் கசியாமப் பாத்துக்கங்க."

வீட்டுக்கு வந்ததும் குப்புராசுக்கு மனசு ஆறவில்லை. "ஸ்கூட்டருக்கே முப்பது அடிக்கிறோம். நம்ம அண்ணன் ஸ்கூட்டரை விட மட்டமா?"

"எடையைப் பாத்தா ஜீப்புக்கு அடிக்கிறதை அடிக்கணும் சின்னண்ணே."

"ஜீப்புக்கு நாலு டயருடா. அண்ணனுக்கு மூக்கு ஒண்ணு."

"ஓட்டை ரெண்டு இருக்கே."

டயருக்குக் காற்றுப் பார்க்கும் கேஜை மாஸ்க்கில் வைத்துப் பார்த்தார்கள். முள் அசையவே இல்லை. டாக்டருக்குப் போன் போட்டார்கள்.

"இது டயர் காத்து இல்லைங்க. பத்துன்னா, பத்து சென்டிமீட்டர் தண்ணியைத் தள்ளுற அளவு. அவ்வளவுதான்."

"தண்ணியா! இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றான் குப்புராசு.

பஞ்சர் பார்க்கும் தொட்டியில் ஸ்கேல் வைத்து அளந்து, சரியாகப் பத்து சென்டிமீட்டர் தண்ணீர் ஊற்றினார்கள். அண்ணனுக்கு மாஸ்க் மாட்டி, மெஷினை ஓடவிட்டு, ஆளுக்கொரு காதைப் பிடித்து முகத்தை உள்ளே அமுக்கினார்கள். மாஸ்க்கின் முன்பக்கம் குபுகுபுவென்று குமிழி வந்தது.

"பஞ்சர்!" என்று கத்தினான் நல்லதம்பி. "ஒண்ணு ரெண்டில்ல, இருபது ஓட்டை!"

சடையப்பன் தலையைத் துவட்டிக்கொண்டே யோசித்தார். "கசியக் கூடாதுன்னுதானே டாக்டர் சொன்னாரு? ஒட்டுங்கடா."

உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி, இருபதுக்கும் ஒட்டுப் போட்டார்கள். மத்தியானம் அதை மாட்டிப் படுத்தவர், ஐந்தே நிமிஷத்தில் எகிறிக் குதித்து மாஸ்க்கைப் பிய்த்தெறிந்தார்.

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "விட்ட மூச்சு வெளிய போறதுக்குத்தான்யா அந்த ஓட்டை!" வேறு மாஸ்க் கொடுத்து, கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். "நாலுல ஆரம்பிச்சு, தூங்கினப்புறம் பத்து. இனிமே உங்க கடையில வேற எந்த நம்பரையும் யாரும் பேசக் கூடாது!"

மூவரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

மறுநாள் மத்தியானம் சடையப்பன் மாஸ்க் மாட்டிப் படுத்தார். குறட்டையே இல்லை. நல்லதம்பி அண்ணிக்குப் போன் போட்டான். "நம்ம கடையில காத்தடிக்க நிக்குமே, அந்த பஸ்ஸுல வர்றேன். மூச்சு நின்னுச்சுன்னா அதே பஸ்ஸுலயே போயிருவேன்" என்றாள் அங்கம்மாள்.

வந்தாள். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் புருஷன் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஏறியது, இறங்கியது, ஒரு தடவைகூட நிற்கவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பஸ் போனால் போகட்டும் என்று சொல்ல வெளியே வந்தாள்.

பஸ் எங்கே போவது? ஆறு டயரும் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தன.

"முன் டயருக்குக் கொஞ்சம் காத்து வைய்யின்னா, எல்லாத்துலயும் இருந்த காத்தைப் புடுங்கி வச்சிருக்கியே!" டிரைவர் தொண்டை கிழியக் கத்தினார்.

குப்புராசு உதட்டில் விரலை வைத்தான். "சத்தம் போடாதீங்கண்ணே. இப்பத்தான் நாலு வச்சிருக்கோம். தூங்கினாத்தான் பத்துக்கு ஏத்தணும்."

"அஞ்சு டயரு தூங்கிருச்சு சின்னண்ணே," என்று கிசுகிசுத்தான் நல்லதம்பி, பின் டயரை மெல்லத் தட்டிக்கொடுத்தபடி. "இது ஒண்ணுதான் இன்னும் முழிச்சுக்கிட்டு இருக்கு."